சாய்வு

ஒரு நேர்க்கோட்டில் கிடைத்திசையில் வலப்பக்கமாக ஓர் அலகு நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதைக் காட்டும் எண், அக்கோட்டின் சாய்வு. இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் படித்திறன் என்று பெயர். கோட்டின் மேல் எந்த இரு புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் உயர வேறுபாட்டைக் கிடை வேறுபாட்டால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். (2, 3), (6, 11) ஆகிய புள்ளிகளுக்கு உயர வேறுபாடு 8, கிடை வேறுபாடு 4, சாய்வு 2. அதே கோட்டில் வேறு எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் 2 தான் வரும். ஏனெனில் உயர வேறுபாட்டையும் கிடை வேறுபாட்டையும் பக்கங்களாகக் கொண்டு அவை உண்டாக்கும் செங்கோண முக்கோணங்கள் எல்லாம் வடிவொத்தவை. கோட்டின் சாய்வு என்று ஒரே எண்ணைச் சொல்லும் உரிமையை நமக்குத் தருவது இந்த வடிவொப்புமைதான். படுக்கைக் கோட்டுக்குச் சாய்வு 0. செங்குத்துக் கோட்டில் கிடை வேறுபாடே இல்லை, 0-ஆல் வகுக்க முடியாது. ஆகவே அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

சாய்வை எண்ணாகக் கணக்கிட்ட பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் இன்னும் பழைய மூலம் ஒன்றிலிருந்து படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 56-ஆம் கணக்கு, அடிப்பக்கம் 360 முழமும் உயரம் 250 முழமும் உள்ள பிரமிடின் 'செக்கெட்' என்ன என்று கேட்கிறது. ஒரு முழம் உயரம் ஏறினால் முகப்பு எத்தனை கையகலம் உள்வாங்குகிறது என்பதே செக்கெட். முழத்துக்கு 7 கையகலம். அடிப்பக்கத்தில் பாதி 180. அதை 250-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 5 1/25 கையகலம். இன்றைய சாய்வின் தலைகீழ் இது. கல்வரிசையின் உயரத்தைத் தெரிந்துகொண்டு, கல்லை எவ்வளவு உள்வாங்கிச் செதுக்குவது என்று பார்க்கும் கல்தச்சருக்கு இந்த வடிவமே கைக்கு வசதி. கீசாவின் பெரிய பிரமிடுக்குச் செக்கெட் 5½ கையகலம். நம் கணக்கில் சாய்வு 14/11, கோணம் ஏறத்தாழ 52 பாகை. தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்கு 'வாட்டம்' விடும் நம்மூர்க் கொத்தனாரும் கோணத்தை அளப்பதில்லை. இத்தனை அடிக்கு இவ்வளவு இறக்கம் என்றே கணக்கு வைக்கிறார்.

இவ்வளவு எளிய எண், கோட்டின் பண்பாக வடிவியலுக்குள் நுழைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. கிரேக்கர்களிடம் இரண்டு தடைகள் இருந்தன. யூக்ளிடின் ஐந்தாம் நூலின்படி ஒரே வகை அளவுகளுக்கு இடையில்தான் விகிதம் உண்டு: நீளத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் இருக்கலாம், தொலைவுக்கும் நேரத்துக்கும் இருக்க முடியாது. அந்த விகிதமும் அவர்களுக்கு எண் அல்ல, இரண்டு அளவுகளுக்கு இடையிலான உறவு மட்டுமே. கூம்பு வெட்டுகளின் தொடுகோடுகளை அத்தனை நுட்பமாக ஆராய்ந்த அப்பல்லோனியஸ்கூட, ஒரு தொடுகோட்டுக்கு ஓர் எண்ணைத் தரவில்லை.

இந்திய வானியலர்கள் வேறு வழியில் இதன் அருகே வந்தார்கள். சைன் அட்டவணையின் இரண்டு மதிப்புகளுக்கு இடைப்பட்ட மதிப்பைத் திரைராசிகத்தால், அதாவது மூன்றிலிருந்து நான்காவதைக் காணும் விதியால் கண்டார்கள். அந்த இடைவெளி முழுதும் வளைகோட்டை நேர்க்கோடாகக் கொள்வதற்கு அது சமம். பிரம்மகுப்தர் கி.பி. 665-இல் எழுதிய கண்டகாத்யகத்தில், முந்தைய இடைவெளியின் வேறுபாட்டையும் சேர்த்துக்கொண்டு அந்த மதிப்பைத் திருத்தினார். மாறும் வீதத்தையே எண்ணாகக் கையாண்ட துணிவு அது. இதற்கு உரிய இடம் பள்ளிப் பாடங்களில் இன்னும் கிடைக்கவில்லை.

14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஓரெம், நேரத்தைக் கிடைக்கோடாகவும் வேகத்தை அதன்மேல் நிற்கும் உயரங்களாகவும் வரைந்தார். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும், உயர வேறுபாடுகளின் விகிதமும் இடைவெளிகளின் விகிதமும் சமமாக இருப்பதே சீராக மாறும் பண்பின் அடையாளம் என்றார். சாய்வு மாறாமை என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

1630-களில் ஃபெர்மாவும் டெகார்ட்டும் சமன்பாட்டையும் வளைகோட்டையும் இணைத்தார்கள். முதற்படிச் சமன்பாடு நேர்க்கோட்டைக் குறிக்கும் என்பது ஃபெர்மாவின் கைப்பிரதியில் தெளிவாக உள்ளது. ஆனால் அவர் குறை எண் ஆயத்தொலைவுகளைப் பயன்படுத்தவில்லை. 1684-இல் லைப்னிட்ஸ் வகைநுண்கணிதத்தை வெளியிட்டபோது வளைகோட்டுத் தொடுகோட்டின் சாய்வைக் காணும் பொதுவான முறை உலகுக்குக் கிடைத்தது. நேர்க்கோட்டுக்கோ இன்னும் நூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது: ஒரு புள்ளியும் சாய்வும் தெரிந்தால் கோட்டை எழுதும் சமன்பாடு, காஸ்பார் மோஞ்ச் 1784-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் வருகிறது. நேர்க்கோடு மிக எளியது, அதற்குத் தனி ஆய்வு எதற்கு என்று கணிதர்கள் ஒதுக்கியதே காரணம் என்று தோன்றுகிறது. இன்று பள்ளியில் முதலில் கற்பிப்பது வரலாற்றில் பின்னால் வந்தது.

சாய்வுக்கு 'எம்' என்ற எழுத்தை ஆங்கிலப் பாடநூல்களில் பரப்பியவர்களுள் மேத்யூ ஓபிரையன் (1844), ஜார்ஜ் சால்மன் (1848) ஆகியோர் உண்டு. ஏறுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. சுவீடனில் சாய்வுக்கு 'கே' என்றும், கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தைச் சொல்லும் வெட்டுத்துண்டுக்கு 'எம்' என்றும் எழுதுகிறார்கள்.

சாய்வைக் கணக்கிடுவதைவிட அதற்குப் பொருள் காண்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். மதிப்புகளின் விகிதத்தை வேறுபாடுகளின் விகிதத்தோடு குழப்பிக்கொள்வது பெரிய இடறல். 10 டிகிரி செல்சியஸ் 50 ஃபாரன்ஹீட். 20 டிகிரி 68. மதிப்புகளை வகுத்தால் ஒருமுறை 5, மறுமுறை 3.4. வேறுபாடுகளை வகுத்தால் 18/10, எப்போதும் 1.8. ஒரு செல்சியஸ் கூடினால் ஃபாரன்ஹீட் 1.8 கூடும் என்பதே இந்தச் சாய்வின் பொருள். இரண்டு அச்சுகளிலும் நீளமே இருந்தால் சாய்வுக்கு அலகு இல்லை: நீலகிரி மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், அதாவது 1/12. அச்சுகள் வெவ்வேறானால் சாய்வு ஒரு வீதமாகி, யூக்ளிட் மறுத்த விகிதமே அறிவியலின் கருவியாகிறது.

அந்தக் கருவி தந்தவை ஏராளம். பெற்றோரின் சராசரி உயரத்துக்கும் பிள்ளைகளின் உயரத்துக்கும் கால்டன் 1886-இல் வரைந்த கோட்டின் சாய்வு ஏறத்தாழ 2/3. 1-ஐவிடக் குறைந்த, அதாவது பிள்ளைகளின் உயரம் சராசரியை நோக்கித் திரும்புவதைக் காட்டிய அந்த எண்ணிலிருந்தே புள்ளியியலின் தொடர்புப் போக்கு ஆய்வு பிறந்தது. இயற்பியலர் மில்லிகன், ஒளி உலோகத்திலிருந்து வெளியேற்றும் எலெக்ட்ரான்களைத் தடுக்கத் தேவையான நிறுத்து மின்னழுத்தத்தை ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்து, கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியை 1916-இல் கண்டார்.

எட்வின் ஹபிள் 1929-இல் விண்மீன் மண்டலங்களின் தொலைவையும் அவை விலகும் வேகத்தையும் புள்ளிகளாகக் குறித்துக் கோடு போட்டார். சாய்வு, மெகாபார்செக் என்ற வானியல் தொலைவலகு ஒன்றுக்கு விநாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். இச்சாய்வைத் தலைகீழாக்கினால் ஒரு காலம் கிடைக்கும், பிரபஞ்சத்தின் வயதுக்கான தோராய மதிப்பு அது. ஹபிளின் எண்ணுக்கு அது வெறும் 200 கோடி ஆண்டு. 1940-களில் பூமிக்கே 300 கோடிக்கு மேல் வயது என்று கதிரியக்கக் கணக்கு சொன்னபோது முரண் அப்பட்டமானது. பிழை, தொலைவைக் குறித்த கிடை அச்சில் இருந்தது. தொலைவை அளக்கப் பயன்பட்ட செஃபீட் விண்மீன்களில் இரு வகை உண்டு என்று வால்டர் பாடே 1952-இல் காட்டினார். தொலைவுகள் ஏறத்தாழ இரட்டித்தன, சாய்வு பாதியானது. பிறகு அது மேலும் குறைந்தது. இன்று அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் சுமார் 67, செஃபீட் விண்மீன்களையும் மீயொளிர் விண்மீன் வெடிப்புகளையும் கொண்டு அளந்தால் சுமார் 73. வேறுபாடு அளவைப் பிழையா, நம் அண்டவியலில் ஏதோ விடுபட்டிருக்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.