பட்டி, டூகோ, உப்புத்தாள்: முற்றத்தில் வண்ணம் பூசிய ஒரு காரை முன்வைத்து

வாளையாரில் எங்கள் வீட்டு முற்றத்தில் என் தாய்மாமா தம் அம்பாசிடர் காருக்குத் தாமே வண்ணம் பூசியபோது எனக்கு ஒன்பது வயது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். கார் பதினைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பட்டறையில் கொடுக்கப் பணமில்லை என்பது ஒரு காரணம். பிறர் கையில் கொடுக்க மனமில்லை என்பது பெரிய காரணம். கம்ப்ரசரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து வந்தார். முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கும் வேலை எனக்கு.

மொழியியல் படித்த பிறகே, அந்த இரண்டு நாளும் அவர் வாயில் புழங்கிய சொற்களை நான் திரும்ப எண்ணிப் பார்த்தேன். டிங்கர், பட்டி, உப்புத்தாள், பிரைமர், தின்னர், டூகோ. கார் வண்ணத்தின் நூறாண்டு வரலாறு இச்சொற்களுக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சற்று நீளம், பொறுத்தருள்க.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் அதற்கு வண்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிக்குப் பூசியவர்களே. எண்ணெய் வண்ணமும் வார்னிஷும் தூரிகையால் பூசப்பட்டன. ஒரு பூச்சு காய்ந்து, அதைத் தேய்த்து, அடுத்ததைப் பூசி முடிக்கப் பல வாரங்கள் ஆகும். தொழிற்சாலை நாளுக்கு ஆயிரம் வண்டிகளை இணைக்கத் தொடங்கியபின் இந்தக் காத்திருப்பே பெரும் முட்டுக்கட்டை ஆயிற்று. 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் மாடல் டி வண்டி கறுப்பில் மட்டும் வந்தது நாம் அறிந்ததே. அதற்கு முன்பு அதே வண்டி வேறு நிறங்களிலும் விற்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். மலிவு, உழைக்கும் தன்மை, உலையில் சுட்டு உலர்த்தும் வசதி ஆகியவையே கறுப்பை வெல்ல வைத்தன.

இதை மாற்றியது முதல் உலகப்போரின் மிச்சம். வெடிமருந்துக்காக நைட்ரோசெல்லுலோசை மலைமலையாக உற்பத்தி செய்த ஆலைகள், போர் முடிந்ததும் அதற்கு வேறு பயன் தேடின. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அதைக் கரைப்பானில் கரைத்து, நிறமிகளைச் சேர்த்து, 1923இல் டூகோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்சின் ஓக்லாந்து கார், 1924ஆம் ஆண்டு மாடலில் இப்பூச்சுடன் நீல நிறத்தில் வெளிவந்தது. வாரக்கணக்கு, மணிக்கணக்காகச் சுருங்கியது. காரின் நிறம், துணியின் நிறத்தைப் போல, ஆண்டுதோறும் மாறும் நாகரிகமாக ஆனதும் இதன் பின்னரே. இரு நிறக் கார்கள் பெருகியபோது, நிறங்களின் எல்லை கலங்காமல் பூசுவதற்காக, 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். இன்று நம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்தக் காகித நாடா, கார்ப் பட்டறையில் பிறந்தது.

இந்த வேதிப்பொருள் நமக்கு அந்நியம் அன்று. நீலகிரியில் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் கார்டைட் தொழிற்சாலை செய்த வெடிமருந்தின் அடிப்படையும் நைட்ரோசெல்லுலோசே. துப்பாக்கியில் வெடித்ததும் மாமாவின் காரில் மினுங்கியதும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். அதனால்தானோ என்னவோ, அந்த இரண்டு நாளும் அத்தையை விறகடுப்புப் பற்றவைக்க அவர் விடவில்லை. சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

டூகோ என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பதை என் மாமா அறிந்திருக்கவில்லை. தெளித்துப் பூசும் பளபளப்பான எதுவும் அவருக்கு டூகோதான். கட்டில், பீரோ செய்யும் தச்சர்களும் அப்படியே சொல்கிறார்கள். அதன் பொதுப்பெயராகிய லேக்கர் என்பதன் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தின் அச்சொல் போர்த்துகீசியம், அரபி, பாரசீகம் வழியாகப் பின்னோக்கிச் சென்று, இந்திய மொழிகளின் லாக், லாக்ஷா என்னும் சொற்களில் வந்து நிற்கிறது. நாம் அரக்கு என்று சொல்லும் பொருளே அது. மரத்திலிருந்து சுரண்டி எடுத்த அரக்கின் பெயர் கடல் கடந்து சென்று, அரக்குக்கும் தனக்கும் தொடர்பே இல்லாத ஒரு வேதிப்பூச்சின் பெயராகி, தகர டப்பாவில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வந்தது.

பட்டி என்பது ஆங்கிலத்தின் புட்டி. அச்சொல்லோ பிரெஞ்சிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அது டிங்கரிங்குடன் சேர்ந்து, "பட்டி டிங்கரிங் பார்த்து" என்று, பழையதைச் சீர்செய்து புதியதாகக் காட்டுவதைக் குறிக்கும் மரபுத்தொடராகவே வளர்ந்துவிட்டது. வாளையாரைத் தாண்டினால் நிலைமை வேறு. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "முன்பக்கம் பட்டி போடவேண்டும்" என்று பாலக்காட்டுக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு என் மாமா பட்ட பாட்டை வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பட்டறையின் பெயர்ப்பலகையில் டிங்கரிங் என்று இருப்பது, கேரளப் பட்டறையில் பாச்ச் வொர்க் என்று ஆகிறது. சாயம் என்பது நமக்குத் துணிக்கு ஏற்றுவது. மலையாளத்தில் சாயம் சுவருக்கும் பூசப்படும். மாநில எல்லையைக் காட்ட வாளையாரில் சோதனைச்சாவடி இருந்தது. சொல்லெல்லையைக் காட்டப் பட்டறைகள் போதும். உப்புத்தாள் மட்டும் எவரிடமும் கடன் வாங்காத சொல். தாளின் மேல் ஒட்டிய துகள், உப்பைப் போல் தெரிந்த ஒருவரின் கண்ணில் அது பிறந்திருக்க வேண்டும்.

வீட்டில் பூசுவதன் முழுச் சிரமமும் காற்றில் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, கரைப்பான் ஆவியாவதால் உலர்வது. ஆவியாகும்போது அது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் பூச்சின்மேல் படிந்து, நிறம் பால் பூத்ததுபோல் வெளுத்துவிடும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தொடவே கூடாது. கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். ஈரம் இல்லை, ஆனால் புழுதி மொத்தமும் காரின்மேல் வந்து உட்காரும். கடுங்கோடையிலோ, தெளித்த துளி பரப்பைச் சேர்வதற்குள் பாதி உலர்ந்து, சொரசொரப்பாக விழும். மாமா மாசி மாதத்து விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தார். வண்ணம் கலக்கும் முன் முற்றத்தில் நின்று, ஒரு பிடி சாம்பலைத் தூவிக் காற்றைப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு முந்தைய வாரம் முழுவதும் தேய்ப்பு. துருவைச் சுரண்டி, நசுங்கிய இடத்தை உள்ளிருந்து தட்டி, பட்டியை மெல்லிதாக இழுத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது மாப்ளே" என்பார். பூசுவதற்கு ஆனது இரண்டு காலைப்பொழுது. பூசத் தகுதியாக்குவதற்கு ஆனது எட்டு நாள். வீட்டில் கார் பூச முயன்று தோற்றவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் தெளிப்பில் தோற்கவில்லை, தேய்ப்பில் தோற்றிருப்பார்கள்.

நிறம்தான் சிக்கலைக் கொண்டுவந்தது. பதிவுச் சான்றிதழில் ஆங்கிலத்தில் சாம்பல் என்று ஒரே சொல் இருந்தது. மாமா வெள்ளையில் கறுப்பைக் கலந்து, கொஞ்சம் நீலமும் சேர்த்தார்; பழைய பூச்சில் அந்த நீலம் இருந்தது என்பது அவர் கட்சி. ஆய்வு செய்த அலுவலரோ, இது நீலம் என்றார். மாமா சாம்பல் என்றார். உடன் வந்த பாட்டி, யாரும் கேட்காமலே, ஊதா என்றார். எங்கள் பகுதி முதியோர் பேச்சில் ஊதா நீலத்தையும் குறிக்கும், கத்தரிப்பூ நிறத்தையும் குறிக்கும். 1969இல் பெர்லினும் கேயும் நிறச்சொற்கள் பற்றி எழுதிய நூலை முதுகலை வகுப்பில் படித்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அலுவலக வாசல்தான். மனிதக் கண் பிரித்தறியும் நிறங்கள் இலட்சக்கணக்கில். ஒரு மொழியின் அடிப்படை நிறச்சொற்கள் மிகுந்துபோனால் பதினொன்றைச் சுற்றி. சான்றிதழின் கட்டத்திலோ ஒன்று. கடைசியில் அந்த அலுவலர் காரை நிழலுக்கு நகர்த்தச் சொன்னார். நிழலில் அது சாம்பலாகத் தெரிந்தது. கையெழுத்திட்டார்.

இதைச் சிறிய விஷயம் என்று நான் கருதவில்லை. நிறம் எப்போதும் அரசின் கணக்கில் உள்ளது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது. 2022 அக்டோபர் 5 இரவு, வாளையாரிலிருந்து செல்லும் இதே தேசிய நெடுஞ்சாலையில், வடக்கஞ்சேரி அருகே பள்ளி மாணவர்களை ஏற்றிச்சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி ஒன்பது பேர் இறந்தனர். அதன்பின், முன்னரே முடிவான வெள்ளை நிற விதியைக் கேரளம் சுற்றுலாப் பேருந்துகள்மீது கடுமையாக நடைமுறைப்படுத்தியது. ஒன்பது உயிரின் முன் ஓவியத்துக்காக வழக்காட எனக்கு வாய் வராது. எனினும் விபத்துக்கு வேகமே காரணம் என்று பேசப்பட்ட நாள்களில், முதலில் தண்டனை பெற்றது நிறம் என்பதையும், அதை வரைந்து பிழைத்தவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

மாமாவின் கார் நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் பின்னர் வினையாயிற்று. அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டிகளையும் கொண்டுவந்தனர். அதற்குள் பூச்சே மாறிவிட்டிருந்தது. அடியில் நிறம், மேலே கண்ணாடி போன்ற கிளியர்; கிளியரை இறுக்க ஹார்டனர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டின் இனத்தைச் சேர்ந்ததே, அதுவல்ல என்றாலும். தெளிக்கும்போது நுண்துளியாக நுரையீரலுக்குள் செல்லும். ஆபத்தான அளவைத் தாண்டும் வரை மூக்குக்கு வாசனை தெரியாது. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைப் பிடித்துவிடும். பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகப் பல ஆண்டுகளாக இது கணக்கிடப்படுகிறது. அங்கே கார் பூசுபவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி அணிய வேண்டும். மாமா அணிந்தது நனைத்த ஈரிழைத் துண்டு. நைட்ரோசெல்லுலோஸ் காலத்தில் கற்ற பழக்கம் அது. அன்றும் அது தின்னர் ஆவியைத் தடுத்ததில்லை. இன்றைய பூச்சின் முன் அது வெறும் சடங்கு.

சட்டமும் முற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை. வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் தொண்ணூறு பங்காகக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டின் விதிகள், வீட்டுப் பூச்சுக்கும் அலங்காரப் பூச்சுக்கும் உரியவை. வண்டிப் பூச்சு அந்தப் பெயருக்குள் வராது. ஆனால் வண்டியைத் தேய்ப்பது எங்கே? வீட்டு முற்றத்தில். அந்தத் தேய்ப்புத் தூசியில் விளையாடியவர்களுள் நானும் ஒருவன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. புகைப் பழக்கம் இல்லாதவர். மருத்துவர் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஃபிட்டர் என்றார் மாமா. நான் பக்கத்தில் இருந்தேன். பெயிண்ட் அடித்ததைச் சொல்லுங்கள் மாமா என்றேன். "அது வேலையா? நம்ம வீட்டு முற்றத்தில அடிச்சது" என்றார். மருத்துவரிடம் நானே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதுதான் காரணமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம், அவர் சொல்லாமல் விட்ட இடம்தான்.

அம்பாசிடர் இப்போதும் கொட்டகையில் நிற்கிறது. சாம்பலா நீலமா என்ற வழக்கும் தீரவில்லை. மாமா தெளிப்புத் துப்பாக்கியை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். எடுக்க நான் விடுவதில்லை.

பட்டறைச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். கோவை, பொள்ளாச்சி, கம்பம், குமுளி, மூணாறு பக்கத்து நண்பர்கள், உங்கள் ஊரில் பட்டியையும் உப்புத்தாளையும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். வீட்டில் யாரேனும் கிளியர் அடிப்பவர் இருந்தால், முகத்தில் என்ன கட்டிக்கொள்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.