சங்கர்-கணேஷ்

தமிழ்த் திரையுலகில் நீண்டகாலம் இயங்கிய இசையமைப்பாளர் இணை. இவர்களில் சங்கர், 1952இல் இளம் வயதிலேயே மறைந்த இசையமைப்பாளர் சி. ஆர். சுப்புராமனின் தம்பி. சுப்புராமனின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமையின் சிந்தாமணி. அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பின்னாளில் இணைந்து இசையமைத்தார்கள். சங்கரும் கணேஷும் அவ்விருவரிடம் பணியாற்றித் தொழில் கற்றார்கள். அண்ணன் வளர்த்த மரபு, அவருடைய சீடர்கள் வழியாகவே தம்பிக்கு வந்து சேர்ந்தது.

சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த 'மகராசி' (1967) இவர்களது முதல் படம். எம்.ஜி.ஆர். நடித்த 'நான் ஏன் பிறந்தேன்', 'இதய வீணை' ஆகியவை 1972இல் வெளிவந்து இவர்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்தன. தேவர் பிலிம்ஸுடனான உறவு 'ஆட்டுக்கார அலமேலு' (1977), 'தாயில்லாமல் நானில்லை' (1979) எனத் தொடர்ந்தது.

இளையராஜாவின் வருகைக்குப் பிறகும் இவர்கள் ஒதுங்கிப்போகவில்லை. 'நீயா?' (1979) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் வாணி ஜெயராமும் பாடிய பாடல்களும், 'கன்னிப் பருவத்திலே' (1979) பாடல்களும் இன்றும் கேட்கப்படுகின்றன. மெல்லிசையில் இவர்களுக்கு இருந்த தேர்ச்சிக்கு இவையே சான்று; விமர்சகர்கள் அதற்கு உரிய இடம் தரவில்லை. 'மூன்று முகம்' (1982), 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) பெரும் வெற்றி பெற்றன.

1986இல் பார்சல் குண்டு வெடித்துக் கணேஷ் படுகாயமடைந்தார். அதன் பின்னும் அவர் இசைப்பணியைத் தொடர்ந்தார்.