இப்ப தெரியுதா?

எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் டி.வி. வாங்கியவர்கள் பார்த்தது சென்னை தூர்தர்ஷனை அல்ல, இலங்கையின் ரூபவாஹினியை. சென்னை நிலையம் 1975-லேயே வந்துவிட்டாலும் அதன் அலை அவ்வளவு தெற்கே எட்டாது. 1982-ல் தொடங்கிய ரூபவாஹினிக்கோ பீதுருதாலகாலை மலையுச்சியில் கோபுரம். 2,500 மீட்டருக்கு மேல் உயரம். அப்படியும் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது நேராக வந்து சேர முடியாது. கடலுக்கு மேலே காற்று சூடும் குளிருமாக அடுக்குப் பிரிந்து நிற்கிற நாட்களில் அலை வளைந்து வரும். அன்றைக்குப் படம் பளிச். மற்ற நாட்களில் புள்ளி புள்ளியாக ஒரு செய்தி வாசிப்பாளர்.

அதற்காகத்தான் உயரமான குழாய், பூஸ்டர், மாடியில் ஒருத்தர், கீழே ஒருத்தர்.

"இப்ப தெரியுதா?"

"ரெண்டு ரெண்டா தெரியுது... இன்னும் திருப்பு... ஆங், விட்ராத!"

1993-ல் சன் டி.வி. வந்தபோது ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை. பெரிய டிஷ் கேபிள்காரர் வீட்டு மாடியில் இருந்தது. ஒயரில் போகப் போக சிக்னல் தேயும். வழியில் வைக்கிற ஆம்ப்ளிஃபையர் படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனால் தெருவின் முதல் வீட்டுப் படம் கடைசி வீட்டில் இருக்காது. டவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு, உண்மையைச் சொன்னால், பழைய ஆன்டெனா படமே தெளிவு. ஆனால் தெளிவுக்காக யார் கேபிளுக்கு மாறினார்கள்? சேனலுக்காகத்தான்.

2003-ல் இந்தியாவுக்கு டிடிஹெச் வந்தது. சின்ன டிஷ், புள்ளியே இல்லாத படம். டிஜிட்டலில் இரைச்சல் ஓர் அளவுவரை கண்ணுக்கே தெரியாது. அளவு தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான்; அடைமழை அதை விழுங்கிவிடும். வெயில் நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அலைவரிசையில் நிறைய சேனல்களைத் திணிக்கும்போது ஒவ்வொன்றையும் நசுக்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தினால் புல்தரை பச்சைப் பெயின்ட் ஆகிவிடும். இந்தக் குறையை நாம் மாடியேறிச் சரிசெய்ய முடியாது.

2022-க்குள் தூர்தர்ஷனும் பெரும்பாலான அனலாக் டவர்களை நிறுத்திவிட்டது. ரூபவாஹினி அன்று டிஜிட்டலில் வந்திருந்தால், தூத்துக்குடியில் பாதி நாட்கள் வெறும் கறுப்புத் திரைதான் இருந்திருக்கும். அனலாக் என்பதால், புள்ளிகளுக்கு நடுவே ஒரு முகம் அசைந்தது. அதைப் பார்க்கத் தெருவே வந்து உட்கார்ந்தது.