வானூர்திகளைக் கண்ணால் இனங்காணல்

வானூர்திகளைக் கண்ணால் இனங்காணல் என்பது, பறந்து செல்லும் வானூர்தியின் வகையையும் அது யாருக்குரியது என்பதையும் அதன் உருவம், பொறிகளின் எண்ணிக்கை, சின்னம் ஆகியவற்றைக் கொண்டு அறிவதாகும். தாழ்வாகப் பறப்பவற்றில் இது எளிது. பயணிகள் வானூர்திகள் வழக்கமாகப் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் இது மிகக் கடினமாகும்.

காரணங்கள்

நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுணுக்கத்தையே பிரித்தறியும். 11 கிலோமீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 3 மீட்டருக்குச் சமம். திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்தில் இறங்கும் வானூர்தியின் வால் சின்னத்தை ஓடுபாதைக்கு அருகில் இருப்பவர் தெளிவாகக் காணலாம். ஆனால் அந்நகரின் புத்தூரில் நின்று, தலைக்கு மேல் 11 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் ஏர்பஸ் ஏ320 வானூர்தியைப் பார்ப்பவருக்கு, அதன் 35.8 மீட்டர் இறக்கை அகலம் முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காகவே தெரியும். எழுத்துகள் தெரியா.

உருவளவும் ஏமாற்றும். 64.8 மீட்டர் இறக்கை அகலமுள்ள போயிங் 777-300இஆர், 20 கிலோமீட்டர் தொலைவில் அதே அளவினதாகத் தோன்றும். வானில் ஒப்பிடப் பொருள் ஏதும் இல்லாததால் தொலைவை மதிப்பிட இயலாது.

ஒலி தரையை அடைய அரை நிமிடத்திற்கு மேல் ஆகும். அதற்குள் வானூர்தி பல கிலோமீட்டர் முன்னே சென்றுவிடுவதால், ஒலி வரும் திசையில் அது இராது. பொறிகளின் பின்னே நீராவி உறைந்து உண்டாகும் வெண்கோடுகள் பொறிகளின் எண்ணிக்கையைக் காட்டக்கூடும். எனினும் அவை விரைவில் ஒன்றிணைந்துவிடும். வறண்ட காற்றில் தோன்றுவதும் இல்லை.

வரலாறு

போர்க்காலத்தில் இப்பிழை உயிரைப் பறித்துள்ளது. 1939 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தில், பிரித்தானிய ஸ்பிட்ஃபயர் வானூர்திகள் தம் படையின் இரு ஹரிக்கேன் வானூர்திகளையே பகைவருடையவை எனக் கருதிச் சுட்டு வீழ்த்தின. வானோடி ஒருவர் இறந்தார். இது 'பார்க்கிங் கிரீக் சண்டை' எனப்படுகிறது.

ஆசியப் போர்முனையில் சின்னமே குழப்பம் தந்தது. பிரித்தானிய வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பு, சப்பானியரின் செஞ்ஞாயிற்றுச் சின்னத்தை ஒத்திருந்தது. எனவே 1942 முதல் இப்பகுதியில் அச்சிவப்பு நீக்கப்பட்டது. இந்திய வான்படையும் இம்மாற்றத்தைப் பின்பற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில்தான் அப்படையின் 6ஆம் அணி அமைக்கப்பட்டது.

தற்காலம்

இன்று படைத்துறையினர் கண்ணை மட்டும் நம்பாது, நட்பு-பகை அறியும் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். பெரும்பாலான பயணிகள் வானூர்திகள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலைகள் வழியே தாமே அறிவிக்கின்றன. இவற்றைச் சிறு ஏற்பிகளைக் கொண்டு பொதுமக்களும் பெறலாம். படைத்துறை வானூர்திகள் இவ்வறிவிப்பை நிறுத்திக்கொள்ளக் கூடுமாதலால், அறிவிப்பு இல்லாததைக் கொண்டு வானில் வானூர்தி ஏதும் இல்லை எனக் கொள்ளலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

வானூர்தி
கதிரலைக் கும்பா
திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையம்