எழுச்சிக்குப் பிறகு நிலம் யார் கையில்?



திருப்பாலைக்குடியில் தியாகி இமானுவேல் சேகரனின் நினைவாகக் கூடியிருக்கிறோம். மாலை போட்டுக் கலைந்துவிடாமல், நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். மக்கள் எழுச்சியால் எளிய மனிதரின் வாழ்க்கை மாறுகிறதா?

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் மற்றத் தலைவர்களுக்குச் சமமாகக் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. தொடர்ந்த கலவரத்தில் எரிந்த குடிசைகளில் பெரும்பகுதி நம்முடையவை. ஆனாலும் கைகட்டி நின்ற காலம் அதோடு உடையத் தொடங்கியது. நம் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பதற்கு அந்த உயிர்ப்பலி ஒரு காரணம்.

நிலம் மட்டும் பெரிதாகக் கைமாறவில்லை. இது சேதுபதி ஜமீன் பூமி. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீனை ஒழித்தது. பட்டாவோ கணக்கில் பெயர் இருந்த குடியானவருக்குப் போனது. கூலிக்கு உழுதவரின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அதனால்தான் இன்றும் நம்மில் பலர் பிறர் நிலத்தில் கூலிக்குப் போகிறோம், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறோம். 2011 செப்டம்பர் 11 அன்று, அஞ்சலி செலுத்த வந்த நம் மக்கள் மீதே பரமக்குடியில் காவல்துறை சுட்டது.

பிலிப்பைன்ஸ் மக்களின் அனுபவமும் இதற்கு நெருக்கமானது. 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். நான்கே நாளில் சர்வாதிகாரி மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். தேர்தலும் பேச்சுரிமையும் திரும்பின. ஓராண்டுகூட ஆகவில்லை. 1987 ஜனவரி 22 அன்று, நிலம் கேட்டு மெந்தியோலா பாலத்துக்கு ஊர்வலம் வந்த விவசாயிகளைப் புதிய ஆட்சியின் படையினர் சுட்டுக் கொன்றனர். 1988 நிலச்சீர்திருத்தச் சட்டம் நிலத்துக்குப் பதிலாகப் பங்குப்பத்திரம் தரலாம் என்று ஒரு சந்து விட்டுவைத்தது. அதிபர் கொரசோன் அக்கினோவின் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான லூயிசிட்டா கரும்புப் பண்ணை அந்தச் சந்தில்தான் நுழைந்து தப்பியது. நிலத்தைத் தொழிலாளருக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2012 இல்தான் உறுதியானது. 2022 இல் மார்க்கோஸின் மகனே அதிபரானார்.

அப்படியானால் எழுச்சி வீணா? இல்லை. 1927 இல் அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அதோடு விட்டிருந்தால் அது ஒருநாள் நிகழ்ச்சி. வழக்கைப் பத்தாண்டுகள் நடத்தி, 1937 இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட பண்ணையாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் கூலி கேட்ட சங்கம் கலையவில்லை. 1969 இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

எழுச்சி ஆள்பவரை அசைக்கிறது, பயத்தைப் போக்குகிறது. பட்டாவும் கூலியும் தீர்ப்பும் அதற்குப் பிந்தைய சலிப்பூட்டும் வேலையால் வருகின்றன. அந்த வேலையில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். திரள்வதில் நமக்குக் குறையில்லை. கலைந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு யார் போகிறோம்? வன்கொடுமை வழக்கில் சாட்சி பிறழாமல் யார் துணை நிற்கிறோம்?

அடுத்த செப்டம்பர் 11 க்குப் பரமக்குடி போகுமுன், ஒவ்வொரு ஊரிலும் மனைப்பட்டா இல்லாத வீடுகளையும் நிலுவையில் உள்ள வழக்குகளையும் மாணவர்கள் எழுதி முடிக்கட்டும். மாலையோடு அந்தப் பட்டியலையும் எடுத்துச் செல்வோம்.