காலிக் கல்லும் கணினித் திரையும்

இணையதளத்தில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வேற்றுமொழிக்கு மாறி, அப்பக்கத்தை விட்டு அகலாமல் தொடர்வது இன்று எளிய செயலாகக் கருதப்பெறுகிறது. மொழிக்குறியைத் தொட்டவுடன் சில தளங்கள் நம்மை முகப்பிற்கே துரத்திவிடுகின்றன என்பது வேறு செய்தி. எனினும் இந்த வேட்கை கணினியோடு பிறந்ததன்று. ஒரே பரப்பில் மொழிகளை அருகருகே நிறுத்திப் படிப்பவர் தம் மொழிக்குத் தாமே பெயர்ந்துகொள்ள இடந்தந்த மரபு மிகப் பழையது. இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை அதற்குச் சான்றாக ஈண்டு நோக்குவோம்.

1911-ஆம் ஆண்டு, காலி நகரத் தெருவொன்றில் மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகையைப் பொறியாளர் டாம்லின் என்பார் கண்டெடுத்தார். எழுத்துடைய முகம் கவிழ்ந்து கிடந்தமையால் தெருவில் நடந்தோர் எவரும் அதனை அறிந்திலர். ஏறத்தாழ ஐந்தடி உயரம்; இரண்டரை அடி அகலம்; உச்சியில் எதிரெதிராக இரு பறவைநாகங்கள். வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். சீனத்தின் மிங் பேரரசர் யுங்லோ ஆணைப்படி 1409 பிப்ரவரி நாளிட்டு நான்கிங்கில் எழுதப்பெற்றுக் கடற்படைத் தலைவர் செங் ஹெயின் கப்பலில் வந்த கல் இது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

மூன்று மொழியிலும் ஒரே செய்தி இருக்குமென்று எதிர்பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சீனப்பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப்பகுதி, இலங்கையின் தென்கோடித் துறையில் கோயில்கொண்ட தெனவரை நாயனாரை, திருமாலின் அவதாரமெனப் போற்றுகிறது. பாரசீகப்பகுதி அல்லாவைத் துதிக்கிறது. மொழி மாறும்போது தெய்வம் மாறிவிடுகிறது! ஆனால் காணிக்கைப் பட்டியல் மாறவில்லை. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு வகைகள், மணநெய் 2,500 கட்டி எனச் சீனத்திற் கண்டவையே பிற மொழிகளிலும் பெரும்பாலும் ஒத்து வருகின்றன. ஒருவர்க்கு மிகுதியாகவும் ஒருவர்க்குக் குறைவாகவும் வழங்கியதாகச் சொல்ல இடமில்லை. மூன்று வணிகச் சமயத்தாரும் கூடும் துறைமுகத்தில் இது நுண்ணிய அரசியல் என்றே யான் கருதுகிறேன். நேர்மொழிபெயர்ப்பு இங்கே பெரும்பிழையாக முடிந்திருக்கும்.

இன்னொன்றும் நம் கருத்துக்குரியது. மிங் அரசு 1407-இல் மொழிபெயர்ப்பாளர் பயிலகம் ஒன்றை நிறுவியது. மங்கோலியம், திபெத்தியம், பாரசீகம், பர்மியம் முதலிய எட்டுப் பிரிவுகள் அதில் இருந்தன. தமிழுக்கெனத் தனிப்பிரிவு இல்லை. அங்ஙனமாயின் நான்கிங்கில் தமிழ் எழுதும் கை எவ்வழி வந்தது? சீனத் துறைமுகமாகிய சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. சிவன் கோயில் எடுப்பித்தமையைக் கூறும் அதன் இறுதியில் ஒரு வரி சீனமும் உண்டு. அரசவைக் கல்வியினும் கடல்வணிகமே தமிழை அங்குக் கொண்டு சேர்த்தது எனக் கொள்வதே பொருந்தும்.

தமிழகத்துச் செப்பேடுகளில் மொழிமாற்றம் வேறு நெறியில் அமைந்தது. ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு அளித்த சோழர் செப்பேட்டில், லெய்டன் பெரிய செப்பேடென நாம் வழங்குவதில், 21 இதழ்கள். அவற்றுள் ஐந்து வடமொழி; பதினாறு தமிழ். திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் வடமொழியினும் தமிழே மிகுதி. வடமொழியில் சூரிய குலத்தொடக்கமும் முன்னோர் வீரமும் செய்யுளாய் விரிகின்றன. தமிழுக்கு வந்தால் உரைநடை: எந்த ஊர், எந்த வாய்க்கால், எந்த மேடு எல்லை, எவ்வரி நீக்கம், எவர் கையெழுத்து. பெண்யானையை நடத்தி எல்லை காட்டியதும் தமிழிலேதான். புகழைப் படிக்காதவனுக்கு இழப்பொன்றுமில்லை. எல்லையைப் படிக்க இயலாதவன் நிலத்தை இழப்பான். ஆகவே, உழுபவனும் நீர்பாய்ச்சுபவனும் அறியவேண்டிய செய்தி அவர்தம் மொழியில் நின்றது.

சென்ற ஆண்டு, எம் கல்லூரி மாணவி ஒருத்திக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உடனிருந்தேன். ஓர் அலுவலகத்தின் தளம், பெயர் வேண்டா. ஆங்கிலத்தில் பாதி நிரப்பியபின், விதியொன்று விளங்காமையால் அவள் தமிழுக்கு மாற்றினாள். நிரப்பியவை அழிந்தன; முகப்புப் பக்கம் தோன்றியது. அங்கே வணக்கமும் வரவேற்பும் நல்ல தமிழில் இருந்தன. தகுதி, இறுதிநாள், இணைக்கவேண்டிய சான்றுகள் ஆகியவற்றைத் தேடித் தொட்டபோது மீண்டும் ஆங்கிலமே வந்தது. வாழ்த்து தமிழிலும் எல்லை பிறமொழியிலுமாகச் செப்பேட்டு முறை தலைகீழாகிக் கிடந்தது.

"அம்மா, நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள் அவள். விதிகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிச் சொன்னேன். நான்காம் விதியை அடைந்தபோதுதான் அவள் தகுதியுடையவள் என்பது அவளுக்கே தெரிந்தது.