ஊர் நினைவும் பொது நூல்நிலையமும்: முல்லைத்தீவை முன்னிட்டு ஒரு நோக்கு

முல்லைத்தீவு மாவட்டத்திலே ஒட்டுசுட்டானை அடுத்துள்ள கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் நெடுங்காலம் நின்றது. வன்னியின் இறுதி மன்னனாகப் போற்றப்படும் பண்டாரவன்னியன், 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31 ஆந் திகதி, ஆங்கிலேயர் படைத்தலைவனான கப்டன் வொன் டிறிபேர்க்கினால் அவ்விடத்தே முறியடிக்கப்பட்டான் என்பதே அக்கல் தாங்கிய செய்தி. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதே வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான் என்பதனை அக்கல் கூறவில்லை. வென்றவர் தம் செய்தியைக் கல்லிற் பொறித்தனர். தோற்றவன் செய்தியை ஊரவர் வாய்மொழியாற் காத்தனர். 2010 ஆம் ஆண்டளவில் அக்கல்லும் உடைக்கப்பட்டது. ஓர் ஊரின் நினைவு எங்கே தங்குகின்றது, யாரால் தங்குகின்றது என்னும் வினாவை இவ்வொரு செய்தியே எழுப்பவல்லது.

வன்னிப் பெருநிலத்தின் பழைய நினைவுகள் மூன்று வகையாக நமக்குக் கிடைத்துள்ளன. முதலாவது ஏட்டு வழக்கு. வன்னியர் ஈழத்துக்கு வந்து குடியேறிய வரலாற்றைக் கூறும் வையாபாடல் இவ்வகையினது. ஏட்டினின்று ஏட்டுக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வந்து, பின்னர் அச்சேறியது. இரண்டாவது வாய்மொழி. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலை ஒட்டி நிலவும் மரபுகளும், வயற்காட்டில் எழுந்த பள்ளுப் பாடல்களும், யானை பிடித்த அரியாத்தையின் கதையைப் பாடும் வேலப்பணிக்கன் ஒப்பாரியும் இதன்பாற்படும். மூன்றாவது ஆட்சியாளர் எழுதிவைத்த பதிவுகள். இலங்கைச் சிவில் சேவையைச் சார்ந்த ஜே. பி. லூயிஸ் என்பார் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் இவற்றுள் தலைசிறந்தது. குளங்கள், குடிகள், வழக்கங்கள், வரிகள் ஆகியன குறித்து அந்நூல் தரும் செய்திகளை நாடாது இன்றும் வன்னி வரலாற்றை எழுதவியலாது.

எனினும் இம்மூன்றும் ஓரிடத்திற் கூடியிருந்தனவல்ல. ஏடு ஒரு வீட்டுப் பெட்டகத்தில். பாடல் ஒரு முதியவர் நாவில். கைந்நூல் கச்சேரி அலுமாரியில். சிதறிக் கிடப்பனவற்றை ஒருங்குசேர்த்து, எக்குலத்தாரும் எவ்வயதினரும் கட்டணமின்றி அணுகுமாறு வைப்பதே பொது நூல்நிலையத்தின் தலையாய பணி. பத்திரிகை படித்தலும், மாணவர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தலும், உழவரும் கடற்றொழிலாளரும் அரசாங்க அறிவித்தல்களை அறிந்துகொள்ளுதலும் அங்கு நாடோறும் நிகழ்வன. ஆயினும் ஊரின் நினைவைக் காத்தல் என்பது பிறிதொரு நிறுவனம் செய்யாத பணியாம்.

இத்தகைய நிறுவனம் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு அழிகின்றது என்பதற்கு வடபுலத்திலே யாவருமறிந்த சான்று யாழ்ப்பாணப் பொது நூல்நிலையமாகும். அதன் தொடக்கம் அரசாங்கக் கட்டளையன்று. க. மு. செல்லப்பா என்னும் அன்பர் 1933 இல் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரவர் கூடிக் குழுவமைத்தனர். 1934 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கமர்த்திய ஓர் அறையிலே 844 நூல்களோடும் முப்பதளவான பத்திரிகைகளோடும் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நகர சபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர்ப் பெருங்கட்டடம் ஒன்றை எழுப்ப வேண்டுமென்னும் எண்ணம் பிறந்தபொழுது, இந்திய நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் வகுத்தார். 1959 ஒக்டோபர் 11 ஆந் திகதி அக்கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. ஒருவர் இல்லத்தில் முளைத்த வித்து கால் நூற்றாண்டில் நாட்டுக்கே நிழல் தரும் மரமாயிற்று.

அம்மரத்துக்கு நேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு இடப்பட்ட தீயினால் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவ்விழப்பினை எண்ணிக்கை கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அச்சிட்ட நூல் ஒன்று எரிந்தால் அதன் பிறிதொரு படி கொழும்பிலோ சென்னையிலோ இலண்டனிலோ கிடைத்தல் கூடும். ஒரே படியாக இருந்த ஏட்டுச் சுவடி எரிந்தால் அதனை மீட்பார் எவருமிலர். யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் நம் கையிலிருப்பதற்குக் காரணம், அது முன்னரே அச்சேறியமையும், 1879 இல் கி. பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டமையுமாகும். காப்பாற்றியது பூட்டன்று, பெருகிய படிகளே காப்பாற்றின.

இவ்வுண்மை முல்லைத்தீவுக்குப் பெரிதும் பொருந்துவது. வவுனியா மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நிலம் 1978 இல் தனி மாவட்டமாயிற்று. தனக்கென நிருவாகம் பெற்ற இம்மாவட்டத்துக்கு அமைதியான காலம் வாய்த்திலது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையே வாரிச் சென்றது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்தில் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, ஈற்றில் முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் ஒதுங்கினர். உயிரொன்றையே சுமந்து சென்றவர் ஏட்டையும் உறுதியையும் நிழற்படத்தையும் சுமத்தல் யாங்ஙனம்? பிறப்புப் பத்திரம் முதலாகப் பாடசாலை மலர் ஈறாக வீடுகளில் இருந்த எழுத்தெல்லாம் வழியிலே கழிந்தன. அக்காலத்து மாண்டோருடன் அவர்தம் நாவிலிருந்த பாடல்களும் மாண்டன.

ஆதலின் இம்மாவட்டத்துப் பொது நூல்நிலையங்களின் பொறுப்பு பிற ஊர்களினதைக் காட்டினும் கனமானது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் வழி அமைந்த சபைகளே கிராமப்புறப் பொது நூல்நிலையங்களை நடாத்துகின்றன. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு ஆகிய நான்கு சபைகள் இம்மாவட்டத்தில் உள. சபையின் கடமை அலுமாரி வாங்குதலோடும் கொழும்பிலிருந்து வரும் நூல்களை அடுக்குதலோடும் அமைந்துவிடுவதன்று. கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டுமலர்கள், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் குடியேற்றக் குறிப்புகள், நாயாற்றிலும் கொக்கிளாயிலும் கடற்றொழிலாளர் வழங்கும் சொற்கள், முதியோர் கூறும் கதைகள் ஆகிய இவற்றைத் திரட்டி ஊர்ப்பகுதி என ஒரு பகுதியை ஒவ்வொரு நூல்நிலையத்திலும் அமைத்தல் வேண்டும். திரட்டியதன் படி ஒன்று அவ்வூரிலும், ஒன்று பிறிதோர் ஊரிலும், ஒன்று மின்வடிவிலும் இருத்தல் இன்றியமையாதது. 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுத்து வரும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி, பொதுமக்கள் ஒன்றுகூடின் இது கைகூடும் என்பதற்குச் சான்றாகும்.

செல்லப்பாவின் இல்லத்திலே தொடங்கியபொழுது யாழ்ப்பாணத்து நூல்நிலையத்துக்கு மாடமும் இல்லை, தூணும் இல்லை. கொடுப்பாரும் படிப்பாருமே இருந்தனர். பண்டாரவன்னியன் கோட்டையைக் கைப்பற்றிய செய்தி கல்லில்லாமலே இருநூறாண்டு வாழ்ந்தது. அதனைச் சொல்வாரும் கேட்பாரும் பலராயிருந்தமையே காரணம். ஒருவர் நாவில் மட்டும் எஞ்சியிருக்கும் பாடல் இன்றும் முல்லைத்தீவின் ஊர்களில் இருத்தல் கூடும். அவர் இருக்கும்பொழுதே அதனை எழுதிப் படியெடுத்து வைத்தல், இவ்வூர் மாணவர் தம் முன்னோர்க்கும் தமக்குப் பின் வருவார்க்கும் ஒருங்கே ஆற்றும் கடனாகும்.